இளநீருக்குத் தீட்டில்லை

அந்த வருஷமும் மழை கைவிட்டது. யுத்தம் முடிந்துவிட்டது என்று அரியலூர் ரயிலடியில் பேசிக்கொண்டார்கள். முடிந்து என்ன பயன், மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் இன்னும் கூப்பன்தான். கருவேலங்குறிச்சியில் பருத்திச் செடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. காய்கள் வெடிக்காமலே கருகிச் செடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கரிசல் மண் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. ஊர்க்கிணற்றின் அடியில் ஊறுகிற கொஞ்சத் தண்ணீரைச் சேந்துவதற்கு மேலத்தெருப் பெண்கள் விடிவதற்கு முன்பே கயிறும் குடமுமாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு சண்டை முடிந்து அடுத்த சண்டை தொடங்கியிருக்கும். கீழத்தெருக்காரர்களுக்குக் கிணற்றில் பாத்தியதை இல்லை. அவர்களுக்கு ஊர்க்கோடியில் குட்டை. எருமைகள் எழுந்து போன பிறகு தெளியவைத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு தெருவும் வேதக்காரர்கள்தான். பாட்டன் பூட்டன் காலத்தில் சேசுநாதர் வேதத்துக்கு வந்தவர்கள். வரும்போது பழைய சாமிகளை எல்லாம் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார்களாம். சாதியை மட்டும் மடியில் பத்திரமாக முடிந்துகொண்டு வந்துவிட்டார்கள். கோயில் ஒன்று, நடுவில் மரக்கிராதி. மேலத்தெரு வலது பக்கம், கீழத்தெரு இடது பக்கம். கல்லறைத் தோட்டத்திலும் நடுவில் ஒரு சுவர். ஆதாம் ஏவாள் என்ற ஒரே தாய் தகப்பனிலிருந்து மனுக்குலம் முழுவதும் வந்தது என்று ஞாயிறுதோறும் படிப்பார்கள். படித்துவிட்டு இரண்டு வாசல் வழியாக வெளியே போவார்கள்.

அந்த ஊருக்கு வரதராசன்பேட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் மரிய புஷ்பம். கன்னியாஸ்திரீகளிடம் நாலு எழுத்துப் படித்தவள் என்பதால், பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து ஞானோபதேசக் கேள்விகள் கேட்கிற வேலையை உபதேசியார் சந்தியாகு அவளிடம் தள்ளிவிட்டிருந்தார். அவளுக்கும் அதில் ஆசைதான். கோயில் நிழலில் நின்றுகொண்டு கேட்பாள்.

"ஒங்களப் படைச்சது யாரு?"

"சர்வேசுரன்!"

"எதுக்குப் படைச்சாரு?"

"அவர அறிஞ்சு, அவர நேசிச்சு, அவருக்கு ஊழியஞ் செஞ்சு, மோட்சத்துல அவரப் பாக்குறதுக்கு!"

பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவார்கள். சின்னஞ்சிறுசுகள் 'மோட்சத்துல' என்ற இடத்தில் குதிக்கும். அவளுக்குச் சிரிப்பு வரும். கலியாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாதவள்; அடுத்தவர் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நடந்தே போய்வந்த வருஷம் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. அது இந்தப் பாழாய்ப்போன பஞ்சத்தில் வந்து வாய்த்தது.

புருஷன் அமிர்தசாமி வாயில்லாப் பூச்சி. பருத்தி பொய்த்ததும் வண்டியைப் பூட்டிக்கொண்டு, ஓடையில் பொறுக்கிய சுண்ணாம்புக் கல்லைக் காளவாய்க்கு அடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ராஜ்யம் அவன் அக்காள் அடைக்கலத்துடையது. இளம் வயதிலேயே தாலியறுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கோயில் பீடத்துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டு மடித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. அதை வேறு ஒருத்தி தொட்டுவிட முடியாது. சேசுநாதரின் திருச்சரீரம் வந்து அமர்கிற துணி என்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்மேல் மரியாதை, மீதிப் பேருக்குப் பயம்.

புஷ்பத்துக்குச் சித்திரை வெயிலில் வலி எடுத்தது. முந்தின நாள்தான் அமிர்தசாமி கொள்ளிடக்கரைப் பக்கம் வைக்கோலுக்குப் போனவன், அவளுக்கு நீர்க்கடுப்பு என்று நாலு இளநீர் வாங்கி வந்து போட்டிருந்தான். கீழத்தெரு மருத்துவச்சி இருசம்மாளுக்கு ஆள் போயிற்று. அவள் கொல்லை வழியாக வந்து, கொல்லை வாசல் வழியாகவே பிரசவ அறைக்குள் நுழைந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு அந்த ஒரு வழிதான். இரவெல்லாம் புஷ்பம் கத்தினாள். காலையில் கத்தவும் திராணி இல்லாமல் முனகினாள். வெயில் உச்சிக்கு வந்தபோது குழந்தை வந்தது. கூடவே அவளுக்கு நினைவும் தப்பியது.

அடைக்கலம் அறையின் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அமிர்தசாமி அவளுக்குப் பின்னால் நின்றான். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

"என்னடி, புள்ள அழுவலியே?" என்றாள் அடைக்கலம்.

"தட்டிட்டேங்க ஆயி. வாயில ஊதியும் பாத்துட்டேன். மூச்சு இழுத்து இழுத்து வருது. ஆம்பளப் புள்ளங்க. நீலம் பாரிக்குது."

"சேசுவே! ஏதாச்சும் பண்ணுடி."

"நிக்காதுங்க ஆயி. ஒரு செம்புத் தண்ணி குடுங்க, பேரு வச்சு ஊத்திப்புடுறேன். கன்னியாஸ்திரீயம்மா எனக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க. சீக்கிரங்க."

சாவு ஆபத்தில் இருக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பங்குக் குருவான சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது வேதக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடைக்கலம் அடுப்படிக்கு ஓடினாள். இரண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. விடியற்காலையில் அவளே சண்டை போட்டுக் கொண்டுவந்தது. செம்பில் மொண்டாள். நிலைப்படி வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

அவள் நின்றதற்குக் காரணம் இருந்தது. பிரசவத்தில் இருசம்மாள் தொட்டால் தொட்டுவிட்டுப் போகட்டும், தலைக்கு ஊற்றினால் அந்தத் தீட்டுப் போய்விடும். ஞானஸ்நானத் தண்ணீர் அப்படியா? அது ஆத்துமத்தில் அழியாத முத்திரை போடுகிறது என்று உபதேசியார் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! கீழத்தெருக்காரி கைபட்டு வழிகிற தண்ணீர் நம் வீட்டு ஆண்பிள்ளையின் தலையில் காலத்துக்கும் இருந்துவிடுமே என்றுதான் அவள் நின்றாள். அடுத்த மூச்சு வருமா என்று தெரியாத பிள்ளைக்குக் காலத்துக்கும் யோசித்தாள் பாருங்கள்!

"அக்கா, நீயே போயி ஊத்தேன்" என்றான் அமிர்தசாமி.

"நாளன்னிக்குத் திருநாளுடா. பீடத்துணி வெளுத்து மடிச்சு வச்சிருக்கேன். இந்த ரத்தத்துல கால வச்சுட்டு அதப் போயித் தொடவா?"

"அப்ப நானு…"

"நீ ஆம்பள. புள்ள பெத்தவ அவுந்து கெடக்குற எடத்துல நொழையுவியா?"

"ஆயி, தண்ணி!" உள்ளேயிருந்து இருசம்மாள் கத்தினாள்.

அடைக்கலத்தின் கண் மூலையில் கிடந்த இளநீர்மேல் பட்டது.

"வெட்டுடா ஒண்ண. எளநிக்குத் தீட்டில்ல. யாரு தொட்டாலும் ஒட்டாது."

அவன் வெட்டினான். அரிவாள் இரண்டு தடவை நழுவியது. அடைக்கலம் அதை நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

"நான் தண்ணியில்லீங்க கேட்டேன்?"

"இது என்னடி, சாராயமா? சர்வேசுரனே மூடி போட்டு வச்ச தண்ணி. மனுசக் கை படாதது. ஊத்துடி, அருளப்பன்னு பேரச் சொல்லி ஊத்து."

மேலத்தெரு அம்மாளோடு வாதாடுகிற பழக்கம் இருசம்மாளுக்கு இல்லை. இளநீரும் தண்ணீர்தானே என்று அவளுக்கும் தோன்றியிருக்கும். பெயரைச் சொல்லி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே என்று ஒரு சொல் பிசகாமல் சொல்லி, தலையில் மூன்று தரம் ஊற்றினாள். நெற்றியில் வழிந்த இளநீர் வாயோரம் இறங்கியது. குழந்தை நாக்கை நீட்டி அதை நக்கியது. அதன் ஆயுசில் அது ருசி பார்த்தது அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

உபதேசியார் சந்தியாகு வேர்க்க விறுவிறுக்க வந்தார். வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தார். ஞானஸ்நானம் பெற்றுச் சாகிற பச்சைப் பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போகிற சம்மனசு, தேவதூதன். அதற்கு ஒப்பாரி கூடாது. காகிதப் பூவில் கிரீடம் கட்டி, வெள்ளை உடுத்தி, மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் சம்மனசுகளின் மூலையில் கொண்டுபோய் வைப்பார்கள். உபதேசியார் காகிதத்தைக் கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார். வழக்கப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"யாரு ஊத்துனது?"

"இருசம்மாதான். வேற யாரு?" என்றாள் அடைக்கலம். "ஆனா நம்ம வூட்டுப் புள்ளைக்குக் கொற வைக்கல உபதேசியாரே. அவ கையி பட்ட தண்ணியா போயிடக் கூடாதுன்னு நல்ல எளநியா வெட்டிக் குடுத்தேன்."

உபதேசியார் மடித்துக்கொண்டிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"எளநியா?"

"ஆமா. ஏன்?"

"தலையில தண்ணி ஊத்தவே இல்லியா?"

"எளநின்னு சொல்றேனே."

"அடைக்கலம்" என்றார் அவர், "என்ன காரியம் பண்ணிட்ட?" அமிர்தசாமியைப் பார்த்து, "வண்டியப் பூட்டு. சாமியாரக் கேக்காம நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

பங்குக் கோயில் இருந்த ஊர் இரண்டு கல் தூரம். சாமியார் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் கல்நெஞ்சர் அல்ல. பஞ்சம் வந்த நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கீழத்தெருப் பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர். இவர்கள் ஸ்தோத்திரம் சொல்லி முழந்தாளிட்டதும் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அமிர்தசாமி, அது செல்லாதப்பா."

"செபமெல்லாம் சரியாச் சொன்னாளாம் சாமி. பேரு வச்சாளாம்."

"செபம் சரி. தண்ணி இல்லையே. பாலுல குடுத்தா செல்லுமா? மோருல? கரும்புச் சாத்துல? அந்த மாதிரிதான் இதுவும். மழைத் தண்ணி, ஆத்துத் தண்ணி, கெணத்துத் தண்ணி, எதுவா இருந்தாலும் தண்ணியா இருக்கணும். அது சேசுநாதர் வச்ச சட்டம். நான் மாத்த முடியாது."

"குட்டைத் தண்ணி?"

"தாராளமா."

அமிர்தசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"உயிர் இருந்தா நானே வந்து ஊத்திருப்பேன். இப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல. மந்திரிச்ச மண்ணுல வைக்க முடியாது. சுவத்துக்கு வெளியதான்."

"நரகமா சாமி?"

"சேச்சே. பாவம் அறியாத பிள்ளைக்கு நரகம் இல்ல. லிம்புன்னு ஒரு எடம். வேதனை கிடையாது. சந்தோஷமா இருக்கும். சர்வேசுரனோட முகத்தை மட்டும் பாக்காது."

"எப்பவுமா?"

"எப்பவுமே."

சாமியார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி, அடக்க முடியாதவர் போலக் கேட்டார். "ஏம்ப்பா, வீட்டுல ஒரு கை தண்ணி கூடவா இல்ல?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேட்டவர் நல்லவர், இடமோ சாமியார் வீடு. சொன்னால் அக்காளைச் சொல்ல வேண்டும், தன்னைச் சொல்ல வேண்டும். சாமியாருக்குச் சாதி பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது என்பதும் ஊருக்கே தெரியும். அமிர்தசாமி, "இல்லீங்க சாமி, பஞ்சம்" என்றான். அதே வீட்டில் மடமடவென்று தண்ணீர் குடித்துவிட்டு வந்த உபதேசியார் சுவரில் தொங்கிய, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் மேலத்தெருதான்.

"சர்வேசுரன் சித்தம்" என்றார் சாமியார். அவர் கண் கலங்கியிருந்தது. பழியைச் சர்வேசுரன்மேல் போட்டுவிட்டு மூன்று பேரும் பிரிந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே சப்பாத்திக்கள்ளி மண்டிய ஒரு துண்டு நிலம். தூக்குப்போட்டுக்கொண்டவர்களையும் ஊர்பேர் தெரியாமல் ரயில் பாதையில் செத்துக்கிடந்தவர்களையும் வைக்கிற இடம். காய்ந்த கரிசலில் மண்வெட்டி இறங்கவில்லை. அமிர்தசாமி கடப்பாரையால் குத்திக் குத்திப் பெயர்த்தான். மணி இல்லை, செபம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், கீழத்தெருப் பாதியில், இருசம்மாள் பெற்றுப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகள் இருந்தன. அவற்றுக்கு அவளே குட்டைத் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தாள். அவை மந்திரித்த மண்ணில், சம்மனசுகளாக இருந்தன. மேலத்தெருப் பிள்ளைக்கு அந்தப் பாதியிலும் இடமில்லை.

அடுத்த ஞாயிறு சாமியார் கருவேலங்குறிச்சிக்கு வந்து பூசை வைத்தார். பிரசங்கத்தில் மழைக்காக மன்றாடச் சொன்னார். "இந்த ஊர்ல ஒரு குழந்தை, உள்ளங்கைத் தண்ணீர் இல்லாமல் மோட்ச பாக்கியத்தை இழந்துபோயிற்று" என்று அவர் சொன்னபோது கோயிலே விம்மியது. அடைக்கலமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. மரக்கிராதிக்கு அந்தப் பக்கம் இருசம்மாள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். சாமியாரின் பார்வையில் அவள் ஒரு கல்லுளிமங்கியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தீட்டுக் கழியும்வரை புஷ்பம் அறையை விட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் இல்லாமல் போய்விட்டது என்றுதான் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். அவள் அதை நம்பினாள். நினைவில்லாமல் கிடந்தவள் வேறு எதை நம்புவாள்? பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் காய்ச்சல் அடித்தது. இருசம்மாள் தினமும் வந்து மல்லிகைப் பூவை வைத்துக் கட்டி, பாலைப் பீய்ச்சிவிட்டுப் போவாள்.

"கெணத்துல கூடவா இருசாயி தண்ணி இல்ல?" என்று ஒரு நாள் கேட்டாள் புஷ்பம். "ஓடிப்போயி ஒரு கையி ஏந்திக்கிட்டு வர ஆளில்லாமப் போச்சா எனக்கு?"

இருசம்மாள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒங்க குட்டைத் தண்ணி கூடப் போதும்னாராமே சாமியாரு. நீயாவது கொண்டாந்திருக்கப்படாதா?"

"என்னக் கேக்காதீங்க ஆயி."

"ஒன்னக் கேக்காம யாரக் கேப்பேன்? நீதான கூட இருந்த? தண்ணியே கேக்கலியா நீ?"

"கேட்டேங்க."

"கேட்டதுக்கு?"

இருசம்மாள் வாசலைப் பார்த்தாள். அடைக்கலம் கிணற்றுக்குப் போயிருந்தாள்.

"செம்புல மொண்டுக்கிட்டு நெலைப்படி வரைக்கும் வந்தாங்க. செம்பு தளும்புனத நான் பாத்தேன். அப்பறம் என்ன நெனச்சாங்களோ, எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எளநி வந்துச்சு." அவள் எழுந்துகொண்டாள். "இத நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதீங்க ஆயி. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளங்க இருக்கு. இந்தத் தெருவுல வேல செஞ்சாத்தான் அதுங்களுக்குக் கஞ்சி."

"ஏன் எடுத்துக்கிட்டுப் போனாங்க?"

"அது ஒங்களுக்குத் தெரியாதுங்களா ஆயி?"

அவளுக்குத் தெரியும். ஐந்தாறு வருஷமாக அந்த வீட்டில் வாழ்கிறவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இருசம்மாள் குடித்த கொட்டாங்கச்சியை அவளே எத்தனை தடவை குச்சியால் தள்ளிவிட்டிருக்கிறாள்! புஷ்பம் அழவில்லை. இருசம்மாள் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அமிர்தசாமி வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து கம்பங்கூழில் கைவைத்தபோதுதான் அவள் அறையிலிருந்து எழுந்து வந்தாள். அடைக்கலம் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அடுப்படியில தண்ணி இருந்துச்சா, இல்லியா?"

அவன் கூழுக்குள் கையை வைத்தபடியே அக்காளைப் பார்த்தான்.

"அங்க என்ன பாக்குற? நீ சொல்லு."

"இருந்துச்சு" என்றான்.

"அந்த நாறமுண்ட வந்து ஓதிட்டுப் போயிட்டாளா?" என்றாள் அடைக்கலம்.

"அவ ஓதல அண்ணி. நீங்க சொல்லுங்க, என் புள்ள தலையில ஏன் தண்ணி விழல?"

"எனக்குத் தெரிஞ்சா செஞ்சேன்? எளநி ஒசத்தின்னு நெனச்சேன். சத்தியமா, நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். எனக்கும் அவன் மருமவன் இல்லியா? நான் சுமந்து வளத்த வூட்டுக்கு மொதப் புள்ள இல்லியா?" அடைக்கலம் அகப்பையைக் கீழே வைத்தாள். "அவ கையித் தண்ணி காலத்துக்கும் நிக்குமேன்னு பாத்தேன்."

"இப்ப நிக்கலியே அண்ணி. சந்தோஷந்தானா?"

"சர்வேசுரன் மனசு எரங்குவாரு. வேண்டிக்குவோம். பூசை ஒண்ணு வைக்கச் சொல்லுவோம்."

"பூசை வைக்க மாட்டாங்க. அது பாவம் கழியுற வரைக்கும் காத்துக்கெடக்குற உத்தரிக்கிற தலத்துல இல்ல. வேண்டுனாலும் வெளிய வராது. எல்லாம் நான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதான்." அவள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். "நான் நல்லவளா இருந்து செத்தா மோட்சத்துக்குப் போவேன். அங்க நீங்க இருப்பீங்க. பீடத்துணி வெளுத்தவங்க, ஒங்களுக்கு எடம் இல்லாமப் போவுமா? இவரு இருப்பாரு. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா பொய்ச்சாட்சிக்கும் மன்னிப்பு இருக்குல்ல. எம்புள்ள அங்க இருக்க மாட்டான். அவன நான் ஒரு தரமாச்சும் பாக்கணும்னா, மோட்சத்துக்குப் போவக் கூடாது. நரகத்துக்குப் போனாலும் அவன் அங்கயும் இல்ல. எங்க போயித்தான் நான் பாக்குறது?"

"இப்பிடியெல்லாம் பேசாத புஷ்பம், பாவம்" என்றான் அமிர்தசாமி.

"பேசுனாத்தான் ஒனக்குப் பாவம் தெரியுது."

கூழ் ஆறிப்போயிற்று. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்கள், அடைக்கலம் விடிவதற்கு முன் கிணற்றுக்குப் போனாள், அவன் காளவாய்க்கு வண்டி ஓட்டினான். ஒரு வீட்டில் மன்னிக்க முடியாத காரியம் நடந்தாலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. புஷ்பம் அவர்களோடு தேவைக்குப் பேசினாள்.

அவள் பூசைக்குப் போனாள், பிள்ளைகளிடம் போகவில்லை. உபதேசியார் வீடு தேடி வந்தார்.

"நீ வராம பிள்ளைங்க அடங்க மாட்டேங்குதும்மா."

"மொதக் கேள்வி வேணும்னா வந்து கேக்குறேன் உபதேசியாரே. படைச்சது யாருன்னு எனக்குச் சந்தேகம் இல்ல. ரெண்டாங் கேள்விதான் வாயில வர மாட்டேங்குது."

"எதுக்குப் படைச்சாருங்குறதா?"

"எம்புள்ளைய எதுக்குப் படைச்சாரு? அவர அறியறதுக்கா? கண்ணயே தொறக்கல அது. மோட்சத்துல பாக்குறதுக்கா? பாக்கவே பாக்காதுன்னு சாமியாரு சொல்லிட்டாரு. அப்ப எதுக்கு? ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நான் அப்பிடியே சொல்லிக் குடுத்துடுறேன்."

உபதேசியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் தேவரகசியம்மா" என்றார்.

"தேவரகசியம் இல்லீங்க. அன்னிக்கு நீங்க எங்க வூட்டுல தண்ணி குடிச்சீங்களாமே."

அதற்கப்புறம் அவர் அவளைக் கூப்பிட வரவில்லை. கேள்விகளை அவரே கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. கோயில் மணியை நெடுநேரம் அடித்தார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயை இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கம் கொடுத்தார்கள். மரக்கிராதியை யாரும் அசைக்கவில்லை. மழையும் வந்தது, ஐப்பசியில் ஓடை நிறைந்து பாலத்துக்கு மேலே போயிற்று. அந்த மழையில் புஷ்பத்துக்கு மறுபடி வலி எடுத்தது.

வலி எடுத்ததுமே அவள் ஒரு மண்குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பிரசவ அறையில் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அடைக்கலம் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை சிரமம் இல்லை. பெண் குழந்தை. விழுந்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி வீறிட்டது.

"நல்ல ரெட்ட நாடிங்க ஆயி" என்று சிரித்தாள் இருசம்மாள். "தொண்டையப் பாருங்க."

"தண்ணி ஊத்து."

"எதுக்குங்க? புள்ள நல்லா இருக்குங்களே. எட்டாம் நாளு கோயிலுக்குத் தூக்கிக்கிட்டுப் போயி…"

"இருசாயி, கொடத்துக்குள்ள கைய விடு. அள்ளி ஊத்து. அந்தோணியம்மான்னு பேரு வையி."

"கொடத்துலயா? ஐயோ, வேணாங்க ஆயி. பெரிய ஆயி என்னக் கொன்னுபுடுவாங்க."

"புள்ளைய நான் வச்சிருக்கேன். ஊத்துறியா, நான் எந்திரிக்கட்டுமா?"

ரத்தம் நிற்காத பச்சை உடம்புக்காரி எழுந்திருக்கவே பார்த்தாள். இருசம்மாள் பயந்துபோய்க் குடத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளினாள். அந்தத் தெருவில் அவள் கை ஒரு குடத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. நிலைப்படியில் நின்ற அடைக்கலம் "மாதாவே" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். உள்ளே வந்து தடுக்கவும் அவளால் முடியவில்லை. உள்ளே ரத்தம் இருந்தது. மறுநாள் அந்தக் குடம் கொல்லையில் உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் குழந்தையைப் பங்குக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை பெற்றவள் வரக்கூடாது என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் புஷ்பமும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஞானத்தாயாக நிற்கப்போகிற அடைக்கலம் மடியில் குழந்தையை வைத்திருந்தாள். அவளே தைத்த தொப்பியும் சட்டையும் குழந்தைக்குப் போட்டிருந்தாள். சாமியார் உப்பு, எண்ணெய், மெழுகுதிரி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தார்.

"ஏற்கனவே தண்ணி ஊத்தியாச்சு சாமி" என்றாள் புஷ்பம்.

சாமியார் முகம் மாறியது. "யார் ஊத்துனது?"

"இருசம்மாதான். கொடத்துத் தண்ணி, நல்ல தண்ணி. நானே பக்கத்துல இருந்து பாத்தேன்."

அவர் குழந்தையைப் பார்த்தார். அது கையைக் காலை உதைத்துக்கொண்டு வாயைப் பிளந்து அழுதது. கொழுகொழுவென்று இருந்தது.

"அமிர்தசாமி, இது என்ன வேலை? சாவு ஆபத்து இருந்தாத்தான் வீட்டுல ஊத்தலாம்னு தெரியாதா உங்களுக்கு? போன தடவை பஞ்சம், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, மனசு கேக்கல, சரி. இந்தப் பிள்ளைக்கு என்ன ஆபத்து இருந்துச்சு?"

அமிர்தசாமி வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன தடவையும் ரெண்டு கொடம் நெறையத் தண்ணி இருந்துச்சு சாமி" என்றாள் புஷ்பம். "இருசம்மா கையில குடுக்க மனசு வரல. அதனாலதான் எளநி."

சாமியார் கையிலிருந்த உப்புக் கிண்ணம் அப்படியே நின்றது. அவர் அமிர்தசாமியைப் பார்த்தார், அடைக்கலத்தைப் பார்த்தார். மறுபடியும் புஷ்பத்தின் பக்கம் திரும்பினார். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை.

"சரிம்மா. அது அந்தப் பிள்ளைக்கு. இது நல்லா இருக்குதே. இதுக்கு என்ன சாவு ஆபத்து?"

"இதுவும் அந்த வூட்டுலதான சாமி பொறந்துச்சு" என்றாள்.